உங்களுக்குத் தெரியுமா? எந்த லினக்ஸ் உங்கள் லினக்ஸ்?

விண்டோஸா, லினக்ஸா என்ற வாதம் ஒரு டீக்குள் முடிந்துவிடும். லினக்ஸிலேயே எது என்று யாராவது வாயைத் திறந்தால், அன்றைக்கு வேலை நடந்தாற்போலத்தான். நாகர்கோவில், குழித்துறைப் பக்கம் ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்கி டெக்னோபார்க்குக்குப் போகும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு கட்சி இருக்கும். எல்லாமே ஓப்பன் சோர்ஸ். பெரும்பாலானவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உள்ளே ஓடுகிற கெர்னலும் ஒன்றே. அப்புறம் எதற்கு இத்தனை பிடிவாதம்? கழக்கூட்டத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் ஊர் சுற்றி வருவோம்.

● இந்தியாவின் முதல் டெக்னாலஜி பார்க்கான டெக்னோபார்க் 1990இல் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தை ஒட்டித்தான். அடுத்த பதினோராவது வருடம், 2001 ஜூலை 20 அன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து எஃப்.எஸ்.எஃப். இந்தியா அமைப்பைத் தொடங்கிவைத்தார். அமெரிக்காவில் அவர் நிறுவிய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் சகோதர அமைப்பு இது. பெங்களூரையும் ஹைதராபாதையும் விட்டுவிட்டு அவர் இங்கே வந்தார். ஐ.டி. கம்பெனிகளைவிட ஆசிரியர்களும் பொறியாளர்களும் இந்த விஷயத்தில் முன்னால் நின்ற ஊர் இது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

● கழக்கூட்டத்துக்கு அடுத்த கார்யவட்டத்தில் கிரீன்ஃபீல்டு கிரிக்கெட் ஸ்டேடியம் இருக்கிறது. 2017இல் மழைக்கு நடுவே இந்தியாவும் நியூசிலாந்தும் எட்டு ஓவர் டி20 ஆடிய இடம். அதே ஸ்டேடியக் கட்டடத்துக்குள்தான் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்காகக் கேரள அரசு நிறுவிய 'ஐசிஃபாஸ்' இயங்கியிருக்கிறது. கேலரிக்கு அடியில் கெர்னல்!

● கேரள அரசுப் பள்ளிகளில் 'ஐ.டி.@ஸ்கூல்' திட்டம் தொடங்கியதும் அதே 2001இல்தான். 2017இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்தது விண்டோஸ். ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் விடாமல் சண்டை போட்டபிறகு லினக்ஸ் நுழைந்தது. சில வருடங்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்கு வந்துவிட்டன.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அடுத்த கட்டம். பள்ளிகளுக்கென்றே கட்டப்பட்ட ஐ.டி.@ஸ்கூல் குனு/லினக்ஸுக்கு முதலில் அடித்தளமாக இருந்தது டெபியன். பிறகு அது உபுண்டுவுக்கு மாறியது. இரண்டும் ஒரே குடும்பம்தான். டெபியனை எடுத்து மெருகேற்றித்தான் உபுண்டுவே உருவானது. அப்படியிருக்க ஏன் மாற வேண்டும்?

தொழில்நுட்பக் காரணம் எத்தனையோ சொல்லலாம். பள்ளிக்கூடத்தின் கண்ணோடு பார்த்தால் முதலில் தெரிவது காலண்டர். டெபியனின் பழைய வழக்கம், 'தயாரானதும் வெளியிடுவோம்' என்பது. அதன் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த 3.1 வருவதற்குள் 2005 ஜூன் ஆகிவிட்டது. உபுண்டுவோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் நீண்டகாலப் பதிப்பு ஒன்றைத் தரும், ஐந்து வருடம் அப்டேட் உண்டு. பள்ளி திறப்பது ஜூனில். கைட் பக்கம் வந்த 14.04, 18.04, 22.04 ஆகிய பதிப்பு எண்களைப் பாருங்கள்: முன்னால் இருப்பது ஆண்டு, பின்னால் இருப்பது மாதம். ஒவ்வொன்றுக்கும் நடுவே நான்கு வருடம்.

● இன்னொன்று பாடப்புத்தகம். ஐ.டி. புத்தகத்தில் பாதி இடம் திரைப்பிடிப்புகள்தான், அதாவது ஸ்கிரீன்ஷாட். ஜிம்ப் மென்பொருளில் ஒரு போட்டோவின் பின்னணியை வெட்ட வேண்டும் என்றால் எந்த மெனு, அதில் எத்தனையாவது வரி என்று படம் போட்டு அம்புக்குறி வைத்திருப்பார்கள். புதுப் பதிப்பில் அந்த மெனு ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும், நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "டீச்சர், இதில் அது இல்லை" என்று கையைத் தூக்கும். அந்த டீச்சருக்குப் புதிய வசதிகள் தேவையில்லை; அச்சான புத்தகமும் எதிரில் இருக்கும் திரையும் ஒத்துப்போனால் போதும். பத்தாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வும் இதே கம்ப்யூட்டரில்தான். மஞ்சேஸ்வரம் முதல் பாறசாலை வரை எல்லா லேபிலும் ஒரே பதிப்பு ஓட வேண்டும் என்றால், மாதத்துக்கொரு முறை புதுமை காட்டும் ஓஎஸ் தலைவலிதான். டெக்னோபார்க் இளைஞருக்கு அலுப்புத் தட்டுகிற 'எதுவுமே மாறவில்லையே' என்ற குறை, இங்கே தகுதிச் சான்றிதழ்.

● உபுண்டு 18.04ஐ ஒட்டிய பதிப்பை 2019இல் வெளியிட்டபோது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றது கைட். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தால் அந்தத் தொகை வருகிறது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கி எந்த அரசுப் பள்ளி கட்டுப்படியாகும்? வாங்கியே இருக்க மாட்டார்கள். வாங்காத பொருளை மிச்சம் என்று எழுதுவது கொஞ்சம் தாராளமான கணக்கு. அதற்காக லாபம் இல்லை என்று சொல்ல வரவில்லை. வானியலுக்கு ஸ்டெல்லேரியம், கணக்குக்கு ஜியோஜிப்ரா, வேதியியலுக்கு கால்சியம் என்று எல்லாம் ஒரே பென் டிரைவில் வீட்டுக்கும் போகிறதே, அது நிஜமான லாபம்.

● கேரளத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் கணிசம்: மூணாறு, பீர்மேடு, சித்தூர் என்று எல்லையோரமெங்கும். மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் பாடப்புத்தகம் அச்சிடும் மாநிலம் அது, ஐ.டி. புத்தகமும் அதில் சேர்த்தி. தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் தமிழில் படித்தே லினக்ஸ் பழகிய பிள்ளை, பிறகு தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு வந்தால் அங்கே பக்கத்து இருக்கைக்காரருக்கு வாத்தியார் ஆகிவிடும்.

● தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இளப்பமில்லை. 2000களின் பிற்பாதியில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு 'ஸ்டார்ஆபீஸ்' நினைவிருக்கும். எம்.எஸ். ஆபீஸ் கற்றுத்தருவார்கள் என்று நம்பிப் போனால் புத்தகம் முழுக்க ஸ்டார்ஆபீஸ் ரைட்டர், ஸ்டார்ஆபீஸ் கால்க். 2018இல் வந்த பிளஸ் ஒன் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவுக்கும் பாடம் உண்டு.

● 2000களின் அதே பிற்பாதியில், எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் லினக்ஸைக் கொண்டுவந்தார். அவர் தேர்ந்தெடுத்தது டெபியனும் அல்ல, உபுண்டுவும் அல்ல; ஜெர்மனியில் பிறந்த சூசே லினக்ஸ். ஆக, பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் லினக்ஸுக்கு வந்தன, ஆனால் வெவ்வேறு வீட்டுக் கதவைத் தட்டின. கேரளத்துப் பாதை அப்படியே தொடர்ந்தது. இங்கே அதிகாரி மாறினார், ஆட்சி மாறியது, ஓஎஸ்ஸும் மாறியது.

● தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இதை வைத்திருந்தவர்களைக் கேட்டால் பாஸ் என்று ஒன்று இருந்ததே பாதிப் பேருக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். ஏன்?

இரண்டு ஓஎஸ் இருக்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற பட்டியல் வரும். மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர், நடுவே ஓரிரு வரிகள் புரியாத ஆங்கிலத்தில். கீழ்ப்பக்கம் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கிக்கொண்டிருக்கும். எதையும் தொடவில்லையென்றால் ஏற்கெனவே குறித்துவைத்த வரி தானாகத் திறந்துகொள்ளும். அந்தப் பத்து வினாடிக்குள் அம்புக்குறி விசையை அழுத்த ஒரு காரணம் வேண்டும். கேரளப் பிள்ளைக்குக் காரணம் இருந்தது: பரீட்சை அதில்தான். இங்கே லேப்டாப் கையில் வந்தது, அதைத் திறந்தே ஆக வேண்டிய பாடம் கூடவே வரவில்லை. 'வைஸ் சிட்டி' கேம் ஆடுவதற்கும் லினக்ஸ் தோதுப்படாது. பதினேழு வயதில் அதைவிடப் பெரிய தொழில்நுட்பக் காரணம் எது?

● அந்த பாஸ் லினக்ஸ் நம்ம ஊர்ச் சரக்கு. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவில் உருவாகி, 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். இதற்கும் அடித்தளம் டெபியன்தான். அனந்த், தேஜஸ், சவிர், அனோகா என்று பதிப்புகளுக்கு அழகழகாகப் பெயர் வைத்தார்கள். 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அப்டேட் நின்றபோது, அதற்குப் பதிலாக பாஸ் போடும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. உத்தரவு போட்டுவிடலாம். தாலுகா ஆபீஸில் பிரிண்டர் வேலை செய்யாதபோது கூப்பிட்டதும் வருகிறவருக்கு எந்த ஓஎஸ் தெரியுமோ அதுதான் கடைசியில் அங்கே நிற்கும்.

● டாய் ஸ்டோரி படம் பார்த்திருக்கிறீர்களா? டெபியனின் பதிப்புகளுக்கெல்லாம் அந்தப் படவரிசைப் பாத்திரங்களின் பெயர்தான்: பஸ், வுடி, புக்வர்ம், டிரிக்ஸி. எப்போதும் பரிசோதனையிலேயே இருக்கும் பதிப்புக்கு 'சிட்' என்று பெயர். படத்தில் பொம்மைகளை உடைத்து உடைத்துப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன்.

● 1990களில் இந்தியாவில் ஒருவர் எந்த லினக்ஸ் பயன்படுத்தினார் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் பெட்டிக்கடை. 1996 மார்ச்சில் 'பிசி குவெஸ்ட்' பத்திரிகை ஸ்லாக்வேர் லினக்ஸை சி.டி.யில் போட்டு இதழோடு கொடுத்தது. டயல்-அப் இணைப்பில் அதை இறக்குவதென்றால் டெலிபோன் பில்லுக்குச் சொத்தை எழுதிவைக்க வேண்டிய காலம். பிறகு வந்த பிசி குவெஸ்ட் லினக்ஸ்கள் ரெட் ஹேட்டை ஒட்டி அமைந்தன. அந்தத் தலைமுறைச் சிஸ்டம் அட்மின்களுக்கு இன்றும் விரல் ரெட் ஹேட்டின் 'ஆர்.பி.எம்.' கட்டளையைத்தான் அடிக்கப் போகும். அலசி ஆராய்ந்து எடுத்த முடிவா இது? பத்திரிகையோடு வந்தது, போட்டார்கள், பழகிவிட்டது.

● டெபியன் 3.1 முழுவதையும் எழுத 14 சி.டி. வேண்டும். அதற்குச் சில மாதம் முன்பு, 2004 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவின் மார்க் ஷட்டில்வொர்த் பணம் போட்டு முதல் உபுண்டுவை வெளியிட்டார். எல்லாம் ஒரே சி.டி.யில். அந்த சி.டி.யையும் 'ஷிப்இட்' என்ற திட்டத்தில் வெப்சைட்டில் முகவரி கொடுத்தால் போதும், தபால் செலவுகூட வாங்காமல் வீட்டுக்கே அனுப்பினார்கள். காரைக்குடியில் இருந்தாலும் வரும், கழக்கூட்டத்தில் இருந்தாலும் வரும். 2011இல் இதை நிறுத்தினார்கள். அதற்குள் இந்தியக் கல்லூரி ஹாஸ்டல்களில் லினக்ஸ் என்றாலே உபுண்டு என்றாகிவிட்டது. இந்தியாவில் உபுண்டுவின் வெற்றிக்கு மென்பொருள் வல்லுநர்கள் ஆயிரம் காரணம் சொல்வார்கள். தபால்காரரை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

● வைஃபை. லினக்ஸ் போடுகிறவர் முதலில் பதறுவது இதில்தான். வைஃபை சிப் வேலை செய்ய 'ஃபர்ம்வேர்' என்ற சின்ன நிரல் வேண்டும். பல கம்பெனிகள் அதன் மூலநிரலைத் தருவதில்லை. மூலநிரல் தராத எதையும் நிறுவல் சி.டி.யில் சேர்க்க மாட்டோம் என்று டெபியன் வெகுகாலம் கொள்கையாக இருந்தது. கொள்கை நல்லதுதான். ஆனால் வைஃபைக்கான ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும்! உபுண்டு இந்தப் பிடிவாதம் பிடிக்கவில்லை, சேர்த்தே கொடுத்தது. பலர் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஒன்றே போதுமான காரணம். கடைசியில் 2022இல் டெபியன்காரர்கள் தங்களுக்குள் ஓட்டெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்தத் தொல்லை தீர்ந்தது.

● தொல்லை தீர்ந்தது என்று ஸ்டால்மன் சொல்ல மாட்டார். அந்த ஓட்டெடுப்புக்கு முன்பிருந்தே அவருடைய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் பரிந்துரைக்கும் பட்டியலில் டெபியனுக்கு இடமில்லை. உபுண்டுவுக்கும் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸுக்கும் இல்லை. அவரே பயன்படுத்துவதாகச் சொன்னது 'ட்ரிஸ்கெல்'. மூலநிரல் இல்லாத ஒரு துணுக்கையும் அண்ட விடாத ஓஎஸ். உங்கள் லேப்டாப்பின் வைஃபை அதில் ஓடினால் அதிர்ஷ்டம்.

● லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் எதைப் பயன்படுத்துகிறார்? வெகுகாலமாக ஃபெடோரா. டெபியன் பக்கம் ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, முன்பெல்லாம் அதை நிறுவுவது சிரமமாக இருந்ததென்று சொல்லியிருக்கிறார். கெர்னலையே எழுதியவருக்கு நிறுவச் சிரமம்! அவரைப் பொறுத்தவரை ஓஎஸ் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் போதும், கெர்னல் வேலையைப் பார்க்கலாம். நமக்கும் வேறென்ன வேண்டும்?

● இனி கம்பெனிப் பக்கம் வருவோம். கழக்கூட்டமோ தரமணியோ சிறுசேரியோ, சர்வர் அறையில் வெகுகாலம் கேட்ட பெயர் 'சென்ட்ஓஎஸ்'. ரெட் ஹேட் நிறுவனம் காசுக்கு விற்கும் லினக்ஸின் மூலநிரலை எடுத்து, பெயரையும் சின்னத்தையும் மட்டும் நீக்கிவிட்டு, 2004 முதல் இலவசமாகக் கொடுத்தது அது. வாடிக்கையாளரின் கணினியில் ரெட் ஹேட், நம் சோதனைக் கணினியில் சென்ட்ஓஎஸ்: நடத்தையில் வித்தியாசமே இருக்காது, பில் மட்டும் வராது. 2014இல் ரெட் ஹேட்டே அதைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது. 2019இல் ரெட் ஹேட்டை ஐ.பி.எம். வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை அப்டேட் இருக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் போட்டார்கள்.

2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது: சென்ட்ஓஎஸ் 8க்கு 2021 டிசம்பர் 31தான் கடைசி. பத்து வருடம் என்று நினைத்தது இரண்டே கால் வருடத்தில் முடிந்தது. கொரோனாவில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அட்மின்களுக்கு அடுத்த வருடம் பூராவும் சர்வர் மாற்றுவதே பிழைப்பு. அறிவிப்பு வந்தவுடனேயே சென்ட்ஓஎஸ்ஸை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் 'ராக்கி லினக்ஸ்' தொடங்கினார். மறைந்த கூட்டாளி ராக்கி மெக்கா நினைவாக அந்தப் பெயர். இன்னொரு பக்கம் கிளவுட்லினக்ஸ் நிறுவனம் 'அல்மாலினக்ஸ்' கொண்டுவந்தது. ஹிக்ஸ் போசானைக் கண்டுபிடித்த செர்ன் ஆய்வகமும் அமெரிக்காவின் ஃபெர்மிலாபும் 2022 டிசம்பரில் அல்மாவைத் தேர்ந்தன.

● இந்தச் சம்பவத்துக்குப் பிறகு டெபியனுக்குப் புது மரியாதை. காரணம், அதை யாரும் வாங்க முடியாது. 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் தொடங்கிய அதற்கு முதலாளி இல்லை, பங்குச்சந்தை இல்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வருடா வருடம் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெதுவாக நடக்கும், நிறைய வாக்குவாதம் நடக்கும். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் யாரோ ஒரு முதலாளி மனம் மாறி இழுத்து மூட மாட்டார். முப்பது வருடத்தில் கட்டுக்கோப்பாக 60,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் சேர்ந்திருக்கின்றன.

● விண்வெளியிலும் இதே கணக்குத்தான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் பயன்படுத்தும் லேப்டாப்கள் பலவற்றை 2013இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யிலிருந்து டெபியன் 6க்கு மாற்றினார்கள். நிலையாக ஓட வேண்டும், பழுதானால் தாங்களே திறந்து சரிசெய்ய முடிய வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 400 கிலோமீட்டர் உயரத்துக்கு சர்வீஸ் என்ஜினியர் வர மாட்டார் அல்லவா!

● இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. 'ஸ்டீம்' விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் முதலில் தன் ஸ்டீம்ஓஎஸ்ஸை டெபியன் மேல்தான் கட்டியது. 2022இல் 'ஸ்டீம் டெக்' கருவி வந்தபோது ஆர்ச் லினக்ஸுக்கு மாறிவிட்டது. விளையாட்டுக்குப் புதுப்புது கிராபிக்ஸ் டிரைவர் உடனுக்குடன் வேண்டும். ஆர்ச்சில் பதிப்பு எண்ணே கிடையாது, அப்டேட் வந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு ஆகாத குணம் இங்கே வேண்டிய குணம்.

● ஒரு பட்டன் இடம் மாறியதற்காக ஊரையே காலி செய்தவர்களும் இருக்கிறார்கள். 2011இல் உபுண்டு 11.04 தன் வழக்கமான முகப்பை எடுத்துவிட்டு 'யூனிட்டி' என்று இடப்பக்கம் பெரிய பட்டையோடு வந்தது. அதே வருடம் 'க்னோம்' என்ற முகப்பின் 3ஆம் பதிப்பும் பழைய மெனுவைத் தூக்கி எறிந்தது. லினஸ் டோர்வால்ட்ஸே கடுப்பாகி சில காலம் 'எக்ஸ்எஃப்சிஇ' முகப்பின் பக்கம் போனார். உபுண்டுவிலிருந்து பிறந்த லினக்ஸ் மின்ட்டுக்கு அப்போது நல்ல யோகம்: கீழே பட்டை, மூலையில் மெனு, வலப்பக்கம் கடிகாரம். அவ்வளவுதான் கேட்டார்கள், அவ்வளவுதான் கிடைத்தது. உபுண்டு 2017இல் யூனிட்டியைக் கைவிட்டுத் திரும்ப க்னோமுக்கு வந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

● வீட்டில் பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறதா? அது 32 பிட் என்றால் உபுண்டு டெஸ்க்டாப்பின் புதிய பதிப்பு அதில் ஏறாது. 2017 அக்டோபரில் வந்த 17.10 முதலே நிறுவல் கோப்பை நிறுத்திவிட்டார்கள். டெபியன் 12 வரை 32 பிட்டுக்கு இடம் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இலிருந்து அங்கேயும் நிறுவல் கோப்பு இல்லை. பென் டிரைவைச் செருகி ஆன் செய்ததும், 64 பிட் வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று ஒரே வரி சொல்லிவிட்டுத் திரை அப்படியே நின்றுவிடும். கைட் மாதிரி லட்சக்கணக்கில் பழசும் புதுசுமாய்க் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரிதான் எந்த ஓஎஸ் என்பதை முடிவு செய்யும்.

● ஓப்பன் சோர்ஸ் என்றால் லினக்ஸ் மட்டுமா? 'ஃப்ரீபிஎஸ்டி'யைக் கையால் தொட்டதில்லை என்பவர் பிளேஸ்டேஷன் 4 ஆடியிருந்தால் தொட்டுவிட்டார்: அதன் ஓஎஸ் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்தது. நெட்ஃபிளிக்ஸ் படங்களை உலகமெங்கும் அனுப்பும் சர்வர்களிலும் அதுதான். பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனிக்கு இதன் லைசென்ஸும் தோதானது. லினக்ஸின் ஜி.பி.எல். லைசென்ஸ், மாற்றி விற்றால் மாற்றிய நிரலையும் கொடு என்கிறது. பிஎஸ்டி லைசென்ஸில் அந்த நிபந்தனை இல்லை. பிறகு ஏன் லினக்ஸ் முந்தியது? 1992இல் பிஎஸ்டி மீது ஏடி அண்ட் டி தரப்பு வழக்குத் தொடுத்தது; 1994இல்தான் சமரசம். அந்த இரண்டு வருடத்தில் ஃபின்லாந்து மாணவர் ஒருவரின் கெர்னல் உலகம் சுற்றிவிட்டது. பிஎஸ்டி வழிவந்த 386பிஎஸ்டி, தொடங்கும்போதே கையில் கிடைத்திருந்தால் லினக்ஸே எழுதியிருக்க மாட்டேன் என்கிற பொருளில் லினஸ் பேசியிருக்கிறார்.

● 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஐந்நூறும்!

● போய்த் திரும்பியவர்களும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, முதலில் டெபியன், பிறகு உபுண்டு என்று 2013இல் வேலையை முடித்தது. 2017இல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று மன்றத்தில் தீர்மானம். நம் பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் எதிர்த்திசையில் கிளம்பியது: விண்டோஸுக்குப் பதில் உபுண்டுவை ஒட்டி உருவாக்கிய 'மாயா'.

● தமிழ்த் தட்டச்சு. இது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. ஐபஸ், எம்17என் என்று இரண்டு பொதிகளைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் பட்டியலில் வரிசையாக வரும். அதில் 'ரெங்கநாதன்' என்று ஒரு பெயரைப் பார்த்து, இது யாரப்பா என்று தமிழ்நாட்டுக்காரர்கள் விழிப்பார்கள். இலங்கைத் தமிழர்களின் தரப்படுத்தப்பட்ட விசைப்பலகை அது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருக்கு உபுண்டுவா ஃபெடோராவா என்பதைவிட, இந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பது முக்கியம். இருக்கிறது, இரண்டிலுமே.

● சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதாமாதம் கூடிய லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரத்தின் லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரத்தில் ஒன்று என்று தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்கள் பல. 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' என்று அறிவித்தால் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எந்த ஓஎஸ் போடலாம் என்று அங்கே யாரும் விவாதிப்பதில்லை. பென் டிரைவோடு நிற்கும் அண்ணா எதைப் போடுகிறாரோ அதுதான். அடுத்த ஐந்து வருடத்துக்குச் சந்தேகம் கேட்கப் போவதும் அவரிடம்தானே.

● போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்க வேண்டியதில்லை. பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே 'லைவ்' முறையில் ஓட்டலாம். ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. நிறுவு என்ற பட்டனை அழுத்துவதற்கு முன் அப்படியே கால் மணி நேரம் உட்காருங்கள். வைஃபை பிடிக்கிறதா, வீட்டு பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் விழித்துக்கொள்கிறதா, தமிழில் 'ஸ்ரீ' உடையாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒன்றில் தேறாவிட்டால் அதே பென் டிரைவில் அடுத்ததை எழுதிக்கொள்ளலாம்.